தென்சிறகு, தலைவீடு: ஒரு வரலாற்று வாத்தியாரம்மாவின் நாட்குறிப்பு

ஜூலை 4, தஞ்சாவூர்

வெயில் ஏறுவதற்குள் பெரிய கோயிலுக்குப் போய்விட்டேன். ஆனி மாதத்தில் சூரியன் வடக்கே ஒதுங்கியிருப்பதால், வடக்குத் திருச்சுற்று மதிலின் வெளிப்பக்கத்தில் காலை வெளிச்சம் சாய்வாக விழும். எழுத்துப் பள்ளங்களில் நிழல் தேங்கும். வாசிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. நந்தியைச் சுற்றி நிற்கும் கூட்டம் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை.

நான் வாசிக்க வந்தது இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது சுமார் 1014. சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து கொண்டுவந்து தளிச்சேரியில், அதாவது கோயில் பணியாளர் குடியிருப்பில், குடியேற்றிய 400 பெண்களின் பட்டியல். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு (தெற்கு வரிசை), தலைவீடு (முதல் வீடு): திருவையாற்று லோகமாதேவி ஈச்சுரத்து நக்கன் சேரமங்கை, பங்கு ஒன்று. பிறகு இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று போகிறது. தபால்காரர் தேடிப் போய்க் கொடுக்கலாம், அப்படி ஒரு முகவரி!

ஜூலை 5

ஒரு பங்கு என்றால் ஒரு வேலி நிலத்தின் பேரில் ஆண்டுக்கு 100 கலம் நெல் (வேலி நில அளவு, கலம் தானிய அளவு). ஆடவல்லான் என்ற மரக்காலால், அதாவது முகத்தலளவைப் படியால், அளந்து கொடுக்கவேண்டும். அதே கல்வெட்டில் ஆண்கள் பட்டியலும் உண்டு. அதில் தொழில் இருக்கிறது: நட்டுவம் (நடனம் பயிற்றுவிப்பது), வீணை, உடுக்கை, கணக்கு, குடை பிடிப்பது, தையல். நட்டுவம் செய்பவருக்கு இரண்டு பங்கு. பெண்களுக்குத் தெரு, வீடு, முன்பிருந்த கோயில், சம்பளம் எல்லாம் உண்டு. ஆனால் இன்னாருக்கு இன்ன வேலை என்று பிரித்துச் சொல்லவில்லை.

அந்த வெற்றிடத்தை நாம் சும்மா விடுவோமா? ஒரு கோஷ்டி 1947 தேவதாசி ஒழிப்புச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு 1014ஐ வாசிக்கிறது. இன்னொரு கோஷ்டி அத்தனை பேரையும் கலையரசிகளாக்கி மாலை போடுகிறது. முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் தங்கள் கண்ணெதிரே நடந்த கொடுமையை எதிர்த்து நின்றார்கள்; அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் சேரமங்கையின் நெல்லைப் பற்றி அவர்களிடம் சாட்சி கேட்பது நியாயமில்லை.

ஜூலை 9, சென்னை

இந்தக் கல்வெட்டைப் பற்றி நான் எழுதிய கட்டுரை ஆய்விதழிலிருந்து திரும்பி வந்துவிட்டது. "பெண்ணிய ஆய்விதழ் எதற்காவது அனுப்பலாம்" என்று மதிப்பீட்டாளர் குறிப்பு. உள்ளே இருப்பது நிலம், நெல், கூலி. கூலி வாங்கியவர்கள் பெண்கள், அவ்வளவுதான்.

பழைய பாட்டு இது. முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடிய காலத்திலேயே, "ராணிகளை எடும்மா, தரவு கிடைக்கும்" என்றார்கள். எடுத்தேன், செம்பியன் மாதேவியை. தரவுக்குப் பஞ்சமில்லைதான். கோனேரிராசபுரத்தில் கணவர் கண்டராதித்தர் பெயரால் கற்றளி (கற்கோயில்) எடுப்பித்து, அவர் லிங்கத்தை வழிபடுவதுபோல் சிற்பமும் வைத்து, அது யார் என்று கீழே எழுதியும் வைத்த அம்மா. அந்த வேலையால்தான் எனக்கு வேலை கிடைத்தது. இருந்தாலும் ராணிகளோடு நிறுத்திக்கொண்டால் அது அரண்மனை வரலாறுதானே.

ஜூலை 10

விடைத்தாள். வேறொன்றும் இல்லை.

ஜூலை 14

என் ஆய்வு மாணவி கல்வெட்டின் வாரிசு விதியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பங்கு பெற்றவர் இறந்தாலோ வேறு தேசம் போனாலோ அடுத்த உரிமைக்காரர் அதைப் பெற்றுப் பணிசெய்யலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள ஒருவரை வைத்துச் செய்வித்துக்கொள்ளலாம்.

"அப்போ வேலை தெரியாதவங்ககிட்டயும் உரிமை இருக்கலாம், இல்லையா மேடம்?"

இருக்கலாம். அப்படியானால் இது வெறும் சம்பளம் இல்லை, கைமாறும் சொத்து. கட்டுரையில் இந்த விதியை ஓர் அடிக்குறிப்பில் தள்ளியிருந்தேன்; இப்போது அதற்கென்றே ஒரு பகுதி வேண்டும். பெண்களின் பங்கு பெண்களுக்கே போனதா என்பதை விதி தனியாகச் சொல்லவில்லை. அதனால் மற்றக் கோயில்களின் காணி உரிமைக் (பரம்பரை உரிமைக்) கல்வெட்டுகளோடு வைத்துப் பார்த்தாகவேண்டும். மாணவி திருவாரூர், பழையாறைப் பெண்களின் பெயர்களைத் தனியே பிரிக்கிறாள். திருவையாறு என் பங்கு.