டவுன் பஸ் பெண்களுக்காக ஒரு வினாப்பட்டியல் தயாரித்த அனுபவம்

தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. இதனால் அவர்கள் வேலைக்குப் போய் வருவது எப்படி மாறியிருக்கிறது என்பதுதான் என் ஆய்வு. மாதிரிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு பழைய வினாப்பட்டியலைக் கொடுத்தார்கள். அதன் முதல் கேள்வி: "இலவசப் பயணத்தால் உங்கள் குடும்பச் செலவு எவ்வளவு குறைந்துள்ளது?"

குறைந்துவிட்டது என்று நாமே முடிவுகட்டிவிட்டுத் தொகையை மட்டும் கேட்கிறோம். ராத்திரி பஸ் கிடைக்காமல் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுக்கிறவர் இதற்கு என்ன பதில் சொல்வார்?

அதனால் அதை உடைத்தேன். கடந்த 7 நாட்களில் எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள்? எத்தனை நாள் டவுன் பஸ்ஸில் போனீர்கள்? மற்ற வண்டிகளுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? கூட்டிக் கழிப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். எத்தனை நாள் கணக்கைக் கேட்கிறோம் என்பதும் லேசான விஷயமில்லை. குடும்பச் செலவுகளைக் கேட்டறியும் மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வில், 1999-2000இல் நடந்த 55ஆம் சுற்றில் உணவுச் செலவை 7 நாளுக்கு எவ்வளவு, 30 நாளுக்கு எவ்வளவு என்று இரண்டு விதமாகவும் கேட்டார்கள். அதனால், அந்தச் செலவை வைத்துப் போட்ட வறுமைக் கணக்கை முந்தைய சுற்றுகளோடு ஒப்பிடலாமா என்று பொருளாதார அறிஞர்கள் பல வருடம் விவாதித்தார்கள்.

'பஸ் நேரத்துக்கு வருகிறதா, கண்டக்டர் மரியாதையாக நடத்துகிறாரா' என்று ஒரே மூச்சில் கேட்டிருந்ததை இரண்டாகப் பிரித்தேன். அப்புறம், உடன்படுகிறேன் - உடன்படவில்லை என்று ஐந்து கட்டம் போட்ட வாக்கியங்கள். பஸ் ஸ்டாப்பில் வாசித்துக் காட்டினால் எல்லாவற்றுக்கும் "ஆமாம்மா"தான். படிக்கிற பிள்ளை கேட்கிறதே என்ற மரியாதை அது. அவற்றை எடுத்துவிட்டு, நடந்ததைக் கேட்டேன்: நேற்று பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நின்றீர்கள்? போன வாரம் கை காட்டியும் நிற்காமல் போன பஸ் உண்டா? இதற்கு ஒவ்வொருவரும் சொல்ல ஆரம்பித்தால் பேனா ஓயவில்லை.

வினாப்பட்டியலை முதலில் சிலரிடம் கேட்டுப் பார்த்த முன்னோட்டத்தில் எனக்குப் பெரிதும் உதவியது ஒரே ஒரு துணைக் கேள்விதான். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒருவரிடம், "அக்கா, மாத வருமானம் எவ்வளவுன்னு கேட்டதும் உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்றேன். "கூட சொன்னா ஓசி டிக்கெட்ட நிறுத்திடுவாங்களோன்னு தோணுச்சும்மா" என்றார். அந்தப் பயம் தொடக்கத்திலேயே வந்துவிட்டால், பின்னால் வரும் எந்தப் பதிலை நம்புவது?

வருமானத்தைக் கடைசிக்குத் தள்ளினேன். சரியான தொகை வேண்டாம், எந்த வரம்புக்குள் என்று சொன்னால் போதும். நான் அரசாங்கத்திலிருந்து வரவில்லை, பெயர் எழுதமாட்டேன் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

'சொல்ல விருப்பமில்லை' என்ற கட்டத்தைச் சேர்த்தபோது கைடு மேடம் தயங்கினார். தரவு குறைந்துவிடும் என்பது அவர் கவலை. வருமானக் கேள்விக்கு அந்தக் கட்டத்தில் அதிகம் டிக் விழுந்தால், கேள்வியையே மாற்றி எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். சம்மதித்தார்.