குழாயின் இடது முனை

கடவுச்சொற்களையும் சொந்தக் குறிப்புகளையும் மறைகுறியாக்கி வைக்க நான் ஜிபிஜி (GnuPG) என்னும் மறைகுறியாக்க நிரலைத்தான் நம்பியிருக்கிறேன். வெர்னர் கோக் உருவாக்கி, 1999-இல் 1.0 பதிப்பாக வெளியிட்ட இந்த நிரலிடம் கோப்பின் பெயரைச் சொல்லாமல் மறைகுறியாக்கும் வேலையை மட்டும் ஒப்படைத்தால், தனக்கு வரும் உள்ளீட்டை வாங்கி மறைத்து வெளியே தந்துவிடும். ஆகவே 1973-இல் யுனிக்ஸ் இயங்குதளத்தில் இடம்பெற்ற பைப், அதாவது குழாய் என்னும் செங்குத்துக் கோடு (|) இதற்கு நன்றாகப் பொருந்துகிறது: ஒரு கட்டளையின் வெளியீடு இயங்குதளத்தின் மையமான கர்னலின் நினைவகம் வழியாகவே ஜிபிஜிக்குள் செல்வதால், இடையில் அந்த உரையைத் தற்காலிகக் கோப்பாக எழுதிவைக்கும் தேவையே இல்லை.

அந்த நம்பிக்கையில்தான் ஒருமுறை ஒரு கடவுச்சொல்லை, தந்த உரையை அப்படியே வெளியிடும் எக்கோ (echo) கட்டளையில் மேற்கோள்குறிகளுக்குள் இட்டு ஜிபிஜிக்கு அனுப்பினேன். சில நாட்கள் கழித்து வேறு ஏதோ கட்டளையைத் தேடி மேல் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனபோது, அந்த வரி கடவுச்சொல்லோடு முழுமையாகத் திரையில் வந்து நின்றது. தட்டச்சு செய்யும் வரிகளை, கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் (Bash) ஷெல் என் முகப்பு அடைவில் உள்ள வரலாற்றுக் கோப்பில் சாதாரண உரையாகவே சேமிக்கிறது என்பது எனக்குத் தெரியாததன்று. குழாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததால் அதன் வாயை, அதாவது இடப்பக்கம் நான் தட்டச்சு செய்த கட்டளையை, மறந்துவிட்டேன்.

இப்போது பெறுநரின் பொதுச்சாவியை (அவருக்காக மறைகுறியாக்கப் பயன்படும் சாவியை) குறிப்பிட்டு ஜிபிஜியைத் தனியாக இயக்கி, உரையை நேரடியாக அதனிடமே தட்டச்சு செய்து, புதிய வரியில் கன்ட்ரோல்-டி அழுத்தி முடிக்கிறேன். மூன்று கோணக்குறிகளால் (<<<) உரையைச் செலுத்தும் வழியையும் விட்டுவிட்டேன். அது வரலாற்றில் பதிவாவதோடு, பாஷ் 5.1-க்கு முந்தைய பதிப்புகளில் தற்காலிகக் கோப்பு ஒன்றையும் உருவாக்குகிறது.

எக்கோ இறுதியில் ஒரு புதிய வரிக் குறியைச் சேர்ப்பதையும் சொல்ல வேண்டும். 12 எழுத்துள்ள ஆங்கிலக் கடவுச்சொல்லை மறைநீக்கி எண்ணினால் 13 பைட்டுகள் வரும். அதைப் பைட் பிசகாமல் படிக்கும் இன்னொரு நிரல் தவறான கடவுச்சொல் என்று மறுத்துவிடும். உரையை வெளியிடும் இன்னொரு கட்டளையான பிரிண்ட்எஃப் (printf) எதையும் தானாகச் சேர்ப்பதில்லை.

காப்புநகல் எடுக்கும்போது கவனம் இன்னும் தேவை. கோப்புகளை ஒரே தொகுப்பாக்கி ஜிபிஜிக்கு அனுப்பும் டார் (tar) கட்டளை பாதியில் நின்றுபோனாலும் ஜிபிஜி அதை உள்ளீட்டின் முடிவாகவே எடுத்துக்கொண்டு, வந்தவரை மறைகுறியாக்கி, வெற்றி என்று அறிவித்துவிடும். ஷெல் இயல்பாகக் கடைசிக் கட்டளையின் முடிவையே கணக்கில் கொள்ளும். அதனால் ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே குழாயில் எந்தக் கட்டளை தோற்றாலும் அதைத் தோல்வியாகக் காட்டும் பைப்ஃபெயில் (pipefail) அமைப்பை இயக்கிவிடுகிறேன். பிறகு அந்த நகலை மறைநீக்கி டாரிடம் கொடுத்து, கோப்புப் பட்டியல் இறுதிவரை வருகிறதா என்று பார்த்த பின்பே மூலக் கோப்புகளைத் தொடுகிறேன்.