கோரிப்பாளையத்தில் ஒரு காலம் குறைவு: நாட்குறிப்பு

20 நவம்பர் 2025, வியாழன்

இந்த வாரம் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்வி: "என்ன சார், மெட்ரோ அவ்வளவுதானா?" போக்குவரத்துத் திட்டமிடல் பாடம் நடத்துகிறவன் என்பதால் கோப்பே என் மேசையில் கிடப்பதாக நினைப்பு.

மதுரை மெட்ரோ, திருமங்கலம்–ஒத்தக்கடை, சுமார் 32 கி.மீ. திட்டம் டெல்லியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. 2017 மெட்ரோ கொள்கையில் 20 லட்சம் மக்கள்தொகை என்று ஒரு வரம்பு. 2011 கணக்கெடுப்பில் மதுரையும் சுற்றுப்பகுதியும் சேர்ந்து 14.65 லட்சம்தான். அதற்குப் பிறகு கணக்கெடுப்பே நடக்கவில்லை என்பது வேறு கதை. மெட்ரோவுக்குப் பதில் பஸ்சுக்குத் தனித் தடம் போட்டால் போதும் என்கிறார்களே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

2008-ல் டெல்லியில் அம்பேத்கர் நகர்–மூல்சந்த் பஸ் தடம் திறந்தபோது நான் அங்கே ஆராய்ச்சி மாணவன். 5.8 கி.மீ., சாலையின் நடுவில் பஸ்சுக்கு மட்டும் தடம். பஸ் போய்க்கொண்டிருந்தது, பக்கத்தில் கார்கள் நின்றன. காரில் இருந்தவர்களுக்கு டிவியும் பத்திரிகையும் காது கொடுத்தன. பஸ்சில் இருந்தவர்கள் வேலைக்குப் போகிற அவசரத்தில் இருந்தார்கள். தடத்தை எடுக்கச் சொல்லிப் போட்ட வழக்கை 2012-ல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அப்படியும் 2016-ல் பெயர்த்துவிட்டார்கள். அதனால்தான் தனித் தடம் என்று யாராவது லேசாகச் சொன்னால், "காருக்கு இருக்கிற இடத்தில் எந்த ஏழு மீட்டரை எடுப்பீர்கள், அதைக் கேட்கிற மேயர் யார்?" என்று வாய் முந்திக்கொள்கிறது.

22 நவம்பர், சனி

காலையிலேயே மாணவர்களோடு கோரிப்பாளையம் சந்திப்பு. மேம்பால வேலை நடக்கிற இடத்தில் வாகனக் கணக்கு எடுப்பது வீண் வேலைதான், ஆனால் பழகுவதற்கு இதைவிடக் கடினமான இடம் கிடைக்காது. அட்டையில் படிவம், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம், நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். பைக் வருகிற வேகத்துக்குக் கோடு போட்டு மாளாது.

இந்தப் படிவத்துக்குப் பின்னால் இருப்பது இந்திய சாலைக் காங்கிரஸ் என்கிற சாலைப் பொறியாளர்கள் அமைப்பின் 1990 நெறிமுறை. சாலையில் ஒரு கார் அடைக்கிற இடம் 1 என்றால் பைக் 0.5 அல்லது 0.75, ஆட்டோ 1.2 அல்லது 2, பஸ் 2.2 அல்லது 3.7. மொத்தத்தில் அந்த வாகனத்தின் பங்கு கூடினால் மதிப்பும் கூடும். கூடுதல் மதிப்பிலேயே பார்ப்போம். ஒரு பஸ் அடைக்கிற இடமும் ஐந்து பைக் அடைக்கிற இடமும் ஏறத்தாழ ஒன்று. பஸ்சில் நிற்கிறவர்களையும் சேர்த்து அறுபது, எழுபது பேர் வருவார்கள். ஐந்து பைக்கில் மூன்று மூன்று பேராகத் திணித்தாலும் பதினைந்து தாண்டாது. படிவத்தில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. சாலையை எது அடைக்கிறது என்று அது சொல்லும், யாரைக் கொண்டுபோகிறது என்று கேட்காது. "வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துங்கள்" என்று 2006-லேயே தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொல்லிவிட்டது. படிவம் மட்டும் மாறவில்லை.

பூ விற்கிற அம்மா ஒருவர், "கணக்கெடுத்துட்டுக் கடையைத் தூக்கச் சொல்லப் போறீகளா தம்பி?" என்றார். இல்லை என்று சொன்னதை நம்பினதாகத் தெரியவில்லை. நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் வழி விட வேண்டும் என்று இதே காங்கிரசின் இன்னொரு நெறிமுறை சொல்கிறது, அவர் கூடை இருந்த இடத்தில் அந்த வழியே இல்லை. நடந்து போகிறவர்களுக்குப் படிவத்தில் ஒரு காலம்கூட (column) இல்லையே என்று ஒரு மாணவி ஓரத்தில் தானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டாள். அந்தக் காலம்தான் முதலில் நிரம்பியது.

26 நவம்பர், புதன்

பதவி உயர்வுக் கோப்பு. எத்தனை கட்டுரை, எந்த இதழ், மேற்கோள் எத்தனை. மதுரை ஷேர் ஆட்டோ பற்றிய கட்டுரையை வெளிநாட்டு இதழ் ஒன்று திருப்பியிருக்கிறது. இந்த ஊருக்கு வெளியே இதனால் யாருக்குப் பயன் என்று கேட்கிறார் மதிப்பீட்டாளர். சிகாகோவில் 1950-களில் எடுத்த கணக்கை வைத்து உலகம் முழுக்கப் போக்குவரத்தைக் கணிக்கிற மாதிரி போட்டபோது யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்!

ஊருக்காக எழுதிக் கொடுத்த அறிக்கைகளுக்குக் கோப்பில் புள்ளி சொற்பம். மேற்கொண்டு புலம்ப நேரமில்லை, விடைத்தாள் கிடக்கிறது.

1 டிசம்பர், திங்கள்

இன்று வகுப்பு நன்றாகப் போனது. நிலச் சீரமைப்பு பாடம், அதாவது தனித்தனி மனைகளைச் சேர்த்து, சாலைக்கு இடம் விட்டு, மறுபடி பிரித்துக் கொடுப்பது. குஜராத் உதாரணத்தை ஓரம் வைத்துவிட்டு வெளி வீதியிலிருந்து ஆரம்பித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடிக்கத் தீர்மானித்தார். அரசிடம் அதற்குப் பணமில்லை. சுவரை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த நிலமே என்றார். அப்படித்தான் வெளி வீதிகளும், வேலையைக் கவனித்தவர்கள் பெயரில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வந்தன. விளக்குத்தூண் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள், அதற்கு வெளியே இந்த வெளி வீதி. தேர் திரும்புகிற கணக்கில் அகலம் விட்ட மாசி வீதியில் இன்று லோடு ஆட்டோ திரும்பவில்லை என்றதும் கடைசி பெஞ்சு சிரித்தது. சாலை அகலப்படுத்த இன்று இப்படிச் செய்யலாமா என்று ஒருவன் கேட்டான். அன்று தூர்த்தது யாரும் குடியிருக்காத அகழி, இன்று கைவைத்தால் வீடும் கடையும் என்றேன். பாதி வகுப்பு ஒப்புக்கொள்ளவில்லை. மணி அடித்த பிறகும் சண்டை ஓடியது.

5 டிசம்பர், வெள்ளி

கோடு போட்ட மாணவி வந்தாள். டெலிவரி கம்பெனி ஒன்றில் வேலை கிடைக்கும்போல, சம்பளம் என்னுடைய முதல் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு. ஆனால் ஆராய்ச்சிக்கும் ஆசை. "என்ன தலைப்பு எடுக்கலாம் சார்?"

கையில் இருந்ததைச் சொன்னேன். ஒருவர் எதில் போவார் என்று கணிக்கிற எங்கள் மாதிரியில் நேரமும் கட்டணமும் தராசின் இரண்டு தட்டு. பத்து நிமிடம் மிச்சமாக எத்தனை ரூபாய் கொடுப்பீர்கள் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்சில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் தெரியும்: காசு பஸ் காலியாக வந்தாலும் விட்டுவிட்டு, அந்தக் கட்டணமில்லாத பிங்க் பஸ்சுக்காகப் பெண்கள் சிலர் காத்திருப்பார்கள். சிலர் காத்திருக்க மாட்டார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளை நிற்கும். அந்தக் காத்திருப்பை அளந்தால் அவர்கள் நேரத்துக்கு அவர்களே வைக்கிற விலை தெரிந்துவிடும். அதே தடத்தில் ஆண்களையும் அளந்து ஒப்பிடலாம்.

"வீட்டில் கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்றாள். கேட்கட்டும். உதவித்தொகை எவ்வளவு, எத்தனை மாதம் தாமதமாக வரும் என்பதையும் மறைக்காமல் சொல்லி அனுப்பினேன். போகும்போது பெரியாரில் எந்த பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.