மக்கள்தொகையிலிருந்து குடித்தனங்களின் எண்ணிக்கைக்கு: நாங்கள் கணக்குப் போடும் வழி

குடித்தனக் கணக்கில் முதல் பிழை, கணக்குப் போடத் தொடங்கும் முன்பே நுழைந்துவிடும். வீடு வேறு, குடும்பம் வேறு, குடித்தனம் வேறு. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு தனித்தனியாக எரிந்தால் இரண்டு குடித்தனம். உறவில்லாத மூவர் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டால் ஒன்றுதான். சில நாடுகள் சமையலைப் பார்க்காமல், ஒரு வீட்டில் வசிக்கும் எல்லோரையும் ஒரே குடித்தனமாக எழுதுகின்றன. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவில் வரையறை மாறியிருந்தால், அந்த மாற்றம் சமூகப் போக்கு போலவே வேடம் போடும். அதனால் எண்களைத் தொடும் முன் வரையறையைப் படித்துவிடுகிறோம்.

பிறகு வயது, பாலின வாரியான மக்கள்தொகை முன்மதிப்பீட்டை எடுத்து, விடுதி, சிறை, முதியோர் இல்லங்களில் இருப்போரைக் கழிக்கிறோம். 75 வயதுக்குக் கீழே அவர்களின் எண்ணிக்கையையே நிலையாக வைக்கலாம். அதற்கு மேலே விகிதத்தைத்தான் நிலையாக வைக்க வேண்டும். முதியோர் பெருகும்போது இல்லவாசிகளும் பெருகுவார்கள்.

மிச்சமிருப்போரைத் தலைமை விகிதத்தால் பெருக்குகிறோம். ஒரு வயதுப் பிரிவில் குடித்தனத் தலைவர்களாகப் பதிவானவர்களின் பங்குதான் அந்த விகிதம். ஓர் எடுத்துக்காட்டு: 25–34 வயதில் 40,000 பேர், தலைவர்கள் 12,000, விகிதம் 0.30. 75க்கு மேல் 8,000 பேர், தலைவர்கள் 5,200, விகிதம் 0.65. பத்தாண்டில் இளையோர் 38,000 ஆகக் குறைந்து, மூத்தோர் 14,000 ஆக உயர்ந்தால், விகிதம் மாறாமலே குடித்தனங்கள் 17,200இலிருந்து 20,500 ஆகின்றன. கூடிய ஆட்கள் 4,000, கூடிய குடித்தனங்கள் 3,300. ஆள் எண்ணிக்கையைச் சராசரிக் குடித்தன அளவால் வகுத்துவிட்டு முடிப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ஜப்பானில் 2015க்கும் 2020க்கும் இடையே மக்கள்தொகை குறைந்தது. குடித்தனங்களோ ஏறத்தாழ 5.33 கோடியிலிருந்து 5.57 கோடியாகக் கூடின.

விகிதம் மாறுவதை எதிர்காலத்துக்கு எப்படி நீட்டுவது? நேர்கோடு போட்டால் ஒருநாள் 1ஐத் தாண்டும், அல்லது சுழியத்துக்குக் கீழே போகும். விகிதம் ஏறினால், 1இலிருந்து அதைக் கழித்த மிச்சத்தைச் சுருக்குகிறோம்: 0.20, பத்தாண்டில் 0.24 ஆனால், மிச்சம் 0.80இலிருந்து 0.76 ஆகிறது, அதாவது 0.95 மடங்கு. அடுத்த பத்தாண்டில் மிச்சம் 0.722, விகிதம் 0.278. இறங்கினால் விகிதத்தையே சுருக்க வேண்டும்: 0.30, 0.27 ஆனால் அடுத்தது 0.243.

எந்தக் காலத்துப் போக்கை நீட்டுகிறோம் என்பதே இந்த வேலையின் உயிர். இங்கிலாந்துக்கு 2014ஐ அடிப்படையாகக் கொண்ட முன்மதிப்பீடு 1971 முதலான கணக்கெடுப்புகளின் போக்கைப் பயன்படுத்தியது; ஆண்டுக்குச் சுமார் 2,10,000 குடித்தனங்கள் கூடும் என்றது. 2016ஐ அடிப்படையாகக் கொண்டது 2001, 2011 இரண்டை மட்டும் எடுத்தது. சுமார் 1,59,000 என்றது. மக்கள்தொகை அனுமானங்கள் குறைந்ததும் ஒரு காரணம். ஆனால் அந்தப் பத்தாண்டில் இளையோரின் தலைமை விகிதம் இறங்கியிருந்தது. வீடு கிடைக்காமல் பெற்றோருடன் தங்கியவர்கள் கணக்கில் 'தனிக்குடித்தனம் தேவையில்லாதவர்கள்' ஆகிவிட்டார்கள். பற்றாக்குறையை அளந்து, அதையே வருங்காலத் தேவையாக எழுதுவது கொடுமையான பிழை. தேவையைக் கேட்பவர்களுக்கு ஒரே எண்ணைத் தரக்கூடாது. மாறாத விகிதம், நீண்ட போக்கு, குறுகிய போக்கு என மூன்றையும் போட்டுக் காட்ட வேண்டும்.

கணக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகளுக்கு வீட்டுத்தொகை வழி உண்டு: பழைய இருப்புடன் புதிதாகக் கட்டியதைக் கூட்டி, இடித்ததைக் கழித்து, குடியிருக்கும் பங்கால் பெருக்குவது. பூட்டிக் கிடக்கும் வீடுகள் கூடியிருக்க, அவற்றின் பழைய பங்கையே வைத்தால் விடை ஊதிப்போகும். மின் இணைப்பை வைத்து எண்ணுபவர்கள், ஓர் இணைப்பில் பல குடித்தனங்கள் இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

வட்டாரங்களின் கூட்டல் நாட்டு மொத்தத்துடன் பொருந்தும்படி சரிக்கட்டிய பிறகு, மக்கள்தொகையைக் குடித்தனங்களால் வகுத்துச் சராசரி அளவைப் பார்க்கிறோம். எங்காவது ஒரு வட்டாரத்தில் அது திடீரென்று உயர்ந்தால், பெரும்பாலும் மாணவர் விடுதியைக் கழிக்க மறந்திருப்போம்.