கோதுமைக்குள் ஒளிந்த புல்

சென்ற வாரம் பழைய வண்ணாரப்பேட்டையில் மாவு மில் வாசலில் உட்கார்ந்து, அரைக்கக் கொண்டுபோன ஐந்து கிலோ கோதுமையை முறத்தில் புடைத்தபோது, நுனியில் ஒதுங்கிய தூசியில் எள்ளளவே உள்ள, தட்டையான, மினுமினுக்கும் சாம்பல் நிற விதைகள் நான்கைந்து கிடந்தன. மில்காரத் தம்பி எட்டிப் பார்த்து, "என்னண்ணே, கல்லா?" என்றார். கல்லில்லை, களை விதை என்று சொல்லிவிட்டு அவற்றைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த விதை மீண்டும் என் கைக்கு வந்திருந்தது.

கோதுமை வயலில் களையாக முளைக்கும் ஒரு புல்லின் விதை அது. தாவரவியலில் அந்தப் புல்லின் பெயர் பலாரிஸ் மைனர். ஹரியானாவில் மண்டூசி என்பார்கள். பஞ்சாபில் குல்லி டண்டா, அதாவது நம் கொருக்குப்பேட்டைச் சந்துகளில் பையன்கள் ஆடிய அதே கில்லி தாண்டு.

1993ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் களைமருந்து விற்கும் ஒரு நிறுவனத்தின் ஊழியனாக நான் ஹரியானாவின் கர்னால் பக்கத்துக் கிராமங்களில் சுற்றிக்கொண்டிருந்தேன். நெல்லுக்குப் பின் கோதுமை, கோதுமைக்குப் பின் நெல் என்று மாற்றமே இல்லாமல் பயிரிட்ட அந்த வயல்களில் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஐசோபுரோட்டுரான் என்ற ஒரே மருந்தைத்தான் தெளித்துவந்தார்கள். நான் போயிருந்த ஆண்டுகளில் அந்த மருந்துக்குக் களை சாகவில்லை. தண்ணீர் குறைவாகக் கலந்தீர்கள், நாசில் சரியில்லை, போலி மருந்து வாங்கியிருப்பீர்கள் என்றெல்லாம் விவசாயிகளிடம் சொல்லும்படி எங்களுக்கு மேலிருந்து சொன்னார்கள், நானும் சொன்னேன். சிலர் வேறு வழியின்றி முற்றாத கோதுமையையே மாட்டுத்தீவனமாக அறுத்தார்கள். குறை அவர்கள் கையில் இல்லை, புல்லே மாறியிருந்தது என்பதை ஹிசார் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அந்த ஆண்டுகளிலேயே உறுதி செய்தார்கள். நான் அன்று சொன்ன பொய்க்காக இன்றும் வருந்துகிறேன்.

பனி விலகாத ஒரு காலையில் பெரியவர் ஒருவர் என்னை வரப்பில் குந்தவைத்து, ஒரே இடத்திலிருந்து இரண்டு நாற்றுகளைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. அவர் நகத்தால் அடித்தண்டைக் கீறிக் காட்டினார்: கோதுமையின் அடி வெளுத்திருந்தது, களையின் அடியிலிருந்து சிவந்த சாறு கசிந்தது. "இதைப் பார்த்துத்தான் பிடுங்க வேண்டும் மகனே, எத்தனை ஆளை வைத்துப் பிடுங்குவது?" என்று இந்தியில் கேட்டார்.

உருவத்தில் கோதுமையைப் போலிருந்த அந்தப் புல், உள்ளுக்குள்ளும் கோதுமையைப் போலாகிவிட்டது என்பதுதான் என்னை இன்றுவரை வியக்கவைக்கும் செய்தி. ஐசோபுரோட்டுரான் இலையில் ஒளிச்சேர்க்கையை நிறுத்திச் செடியைக் கொல்கிறது. கோதுமை சாகாததற்குக் காரணம், அது தன் நொதிகளால் அந்த மருந்தைச் சிதைத்துவிடுவதே. எதிர்ப்புத்திறன் பெற்ற மண்டூசியும் அதையே செய்யத் தொடங்கியது. மருந்து அந்தத் திறனை உண்டாக்கவில்லை. கோடிக்கணக்கான செடிகளில் அரிதாக ஒன்றிரண்டுக்கு அது முன்பே இருந்தது. மற்றவையெல்லாம் செத்தொழிய, தப்பியவை மட்டும் விதை உதிர்த்து, ஆண்டுக்கு ஆண்டு வயலைப் பிடித்துக்கொண்டன. அளவைக் குறைத்துத் தெளித்த இடங்களில் அரைகுறைத் திறன் உள்ளவையும் பிழைத்தன. போதாததற்கு, கோதுமை அறுவடைக்கு முன்பே அந்தப் புல் தன் விதையில் பெரும்பங்கை மண்ணில் கொட்டிவிடுகிறது.

ஆஸ்திரேலியாவில் ரை புல், இங்கிலாந்தில் கரும்புல் என்று கோதுமை விளையும் மற்ற நாடுகளிலும் இதே கதைதான். ரை புல்லின் எதிர்ப்புத்திறன் 1982லேயே பதிவானது.

பிறகு 1990களின் இறுதியில் குளோடினாபாப், பெனாக்ஸாப்ராப், சல்போசல்புரான் ஆகிய புதிய மருந்துகள் பரிந்துரைக்கப்பட்டன. களை மடிந்தது, விளைச்சல் மீண்டது. ஆனால் சில ஆண்டுகளில் அவற்றுக்கும் சாகாத மண்டூசி தலைகாட்டியது. மருந்தைவிட உழாமல் விதைக்கும் முறையையே நான் பெரிதாக மதிக்கிறேன். மண்ணைக் கிளறாவிட்டால் களை விதை முளைப்பது குறைகிறது. உழவுக்கு ஆகும் நாட்கள் மிச்சமாவதால், குளிர் இறங்கி மண்டூசி முளைப்பதற்கு முன்பே கோதுமை வேர்பிடித்துவிடுகிறது.

நிறுவனத்தை விட்டு ராயபுரத்துக்குத் திரும்புவதற்கு முன், 1998இல், அந்தப் பெரியவரை மீண்டும் பார்க்கப் போனேன். பையில் புதிய மருந்து இருந்தது. அவர் டீ கொடுத்தார், மருந்தை வாங்கவில்லை. கோதுமை இருந்த வயலில் பெர்சீம் என்ற தீவனப்பயிர் போட்டிருந்தார். மாட்டுக்காக அதைச் சில வாரங்களுக்கு ஒருமுறை அறுக்கும்போதெல்லாம் மண்டூசியும் சேர்ந்து அறுபட்டுக்கொண்டிருந்தது; அதற்கு விதை கட்ட நேரமே கிடைக்கவில்லை.