ஒரு நாளுக்கு ஒரு கவர்

சென்னைக் கம்பெனிகள் புதுச்சேரிக்கு ஷூட்டிங் வந்தால் உள்ளூர் ஏற்பாடுகளைப் பார்க்கும் கோஆர்டினேட்டர் நான். வேலையைச் சொன்னதும் "எந்த ஹீரோவப் பாத்தே?" என்பார்கள். பாதி நாள் வவுச்சரோடும் ஸ்டேப்ளரோடும் போகிறது என்றால் சப்பென்று ஆகிவிடும் அவர்களுக்கு.

முதல் படத்தில் காகிதங்களை வகைவாரியாகப் பிரித்து வைத்தேன். பெட்ரோல் ஒரு ஃபைல், சாப்பாடு ஒரு ஃபைல், பேட்டா ஒன்று, பர்மிஷன் ஒன்று. டேக் கட்டி, முதுகில் ஸ்டிக்கர் ஒட்டி, கலெக்டர் ஆபீஸ் பீரோ தோற்றுப்போகும். ஆனால் யாரும் அப்படிக் கேட்கவில்லை. "தம்பி, பீச் ரோட்டுல மழை வந்து பேக்கப் பண்ணோமே, அன்னிக்கு ஜெனரேட்டருக்கு அரை நாள் வாடகையா, முழு நாளா?" என்பார் மேனேஜர் அண்ணன். யூனிட்டில் எல்லோருக்கும் நினைவு நாளாகத்தான் இருக்கிறது: மழை வந்த நாள், கேமரா மக்கர் செய்த நாள். ஒரு கேள்விக்கு நான்கு ஃபைலையும் பிரித்துப் போட்டுத் தரையில் உட்கார்ந்திருப்பேன்.

அடுத்த படத்திலிருந்து நாளுக்கு ஒரு பழுப்புக் கவர். மேலே தேதி, லொகேஷன். உள்ளே அன்றைய கால்ஷீட், பர்மிஷன் ஜெராக்ஸ், ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் லிஸ்ட், பில்கள் எல்லாம். ஆடிட்டருக்கு வகைவாரியாக வேண்டும்தான்; அது எக்செலில் ஒரு நொடி வேலை. காகிதம் நாள்படியே இருக்கட்டும். பெட்ரோல் பங்க் பில்லை மட்டும் அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுவேன். டேஷ்போர்டில் கிடந்தால் சூட்டில் கறுத்துப்போகும், கவரில் கிடந்தால் சில மாதத்தில் வெளுத்துப்போகும், அப்படி ஒரு பேப்பர்.

ரொக்கத்திலும் கவனம் வேண்டும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் கையில் கொடுத்தால் வருமான வரியில் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள். லாட்ஜ் பில் இன்னொரு தலைவலி. சென்னைக் கம்பெனியின் ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்கும், புதுச்சேரி லாட்ஜினுடையது 34-இல். அறை வாடகைக்கான வரி கட்டடம் இருக்கும் ஊரின் கணக்கில் போவதால், கம்பெனி அதைச் சென்னையில் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியாது. ஐம்பது அறை போடும் யூனிட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை. பட்ஜெட் போடும்போதே சொல்லிவிடுவேன்.

அந்த 33, 34 எல்லை, அதாவது தமிழ்நாடு, புதுச்சேரி எல்லை, வயல் வரப்பிலும் உண்டு. கிருமாம்பாக்கம் தாண்டிக் கடலூர் போகும் வழியில் ஒரு ஓட்டு வீடு, பின்னால் கரும்புத் தோட்டம். வீடு புதுச்சேரி என்று கேட்டுக்கொண்டேன், தோட்டத்தைக் கேட்கவில்லை. காட்சியில் ஒரு சிறுமி உண்டு. குழந்தை நடிக்க, படம் பிடிக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். நாளைக்கு ஐந்து மணி நேரம்தான், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை வாங்கக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் அவள் பேரில் பேங்க் டெபாசிட்டாகப் போக வேண்டும். எல்லாம் பக்காவாக வைத்திருந்தேன், புதுச்சேரிக்கு. கேமரா வைத்த பிறகு, வேடிக்கை பார்க்க வந்த பெரியவர் ஒருவர், "வரப்புக்கு அந்தாண்ட கடலூர் மாவட்டமாச்சே" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. சிறுமியின் காட்சியைத் திண்ணைக்கு மாற்றினோம். தோட்டத்தில் ஒரு ஷாட்கூட எடுக்கவில்லை. டைரக்டர் அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை, நியாயம்தான். இப்போதெல்லாம் லொகேஷன் போட்டோவுக்கு முன்னால் சர்வே நம்பரைக் கேட்கிறேன்.

வவுச்சர் எழுதுவதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வீராம்பட்டினத்துப் படகுக்காரர் ஒருவர். டிராலி தண்டவாளம் போடும்போது அவர் வலை மாட்டிக் கிழிந்துவிட்டது. மேனேஜர் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். 'படகு வாடகை 6,500' என்று எழுதி, 5,000-க்கு மேல் என்பதால் ரெவின்யூ ஸ்டாம்பும் ஒட்டி நீட்டினேன். கையெழுத்துப் போடுமுன் படித்துக் காட்டச் சொன்னார்.

"வாடகை அஞ்சாயிரந்தான் தம்பி. நாளைக்கு வேற கம்பெனிக்காரன் இதப் பாத்தா, அந்தாளு ஆறாயிரத்தி ஐந்நூறு கேப்பாருன்னு வேற படகுக்குப் போயிடுவான். வலைக்குன்னு தனியா எழுது."

அதைக் கிழித்துவிட்டு இரண்டாக எழுதினேன், 5,000 ஒன்று, 1,500 ஒன்று. இரண்டுக்கும் ஸ்டாம்ப் தேவைப்படவில்லை. நிதானமாக இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். கிழித்ததில் ஒட்டியிருந்த ஸ்டாம்ப் ஒரு ரூபாய் என் கணக்கு.