தொட்டியில் ஒரு தட்டு

சான் டியாகோவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடலுக்கடியில் பதிவான ஒலியை ஹெட்போனில் கேட்டுவிட்டு, மைக் பழுது என்றே நினைத்தேன். தாளிக்கும் கரண்டியில் கடுகு வெடிப்பதுபோல் ஓயாத படபடப்பு. "இறால்ப்பா" என்றார் எங்கள் மூத்த பொறியாளர். விரல் நீளம்கூட இல்லாத இறால் கொடுக்கைச் சொடுக்க, நீரில் ஒரு குமிழி உண்டாகிச் சிதைகிறது. அந்தக் குமிழியின் சத்தம்தான் அது. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளுக்குக் காது கொடுத்தவர்களையும் இதுதான் குழப்பியது.

நீரோட்டத்தோடு மிதந்துபோகும் சிறு ரோபோக்களில் எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. நீருக்குள் ஜிபிஎஸ் எட்டாது. இதே ஊரில் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் ஜூல்ஸ் ஜாஃபி குழு, பம்பளிமாஸ் அளவிலான 16 ரோபோக்களுக்கு மிதவைகளிலிருந்து ஒலி அனுப்பி, 12 நொடிக்கு ஒருமுறை இடம் குறித்த ஆய்வை 2017-ல் வெளியிட்டது. சரி, மிதவையே இல்லாமல் இறால் சத்தத்தை வைத்துச் செய்தால்? ஒரே சொடுக்கு ஒரு ரோபோவுக்கு முந்தியும் இன்னொன்றுக்குப் பிந்தியும் கேட்கும். பல திசைச் சொடுக்குகளின் இடைவெளிகளைச் சேர்த்துப் பார்த்தால், ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பது கிடைக்கும்.

ரோபோக்களுக்குள் இருக்கும் கடிகாரங்கள் ஒத்துப்போனால்தான் இது நடக்கும். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகும் கடிகாரம் ஐந்து மணி நேரத்தில் 18 மில்லிநொடி தவறும். தூரத்தில் அது 27 மீட்டர்.

ஒருமுறை வரைபடத்தில் ஒரு ரோபோ மட்டும் கூட்டத்தை விட்டுக் கரைப்பக்கம் நகர்ந்துகொண்டே போனது. ஏதோ புது நீரோட்டம் என்று இரண்டு நாள் பூரித்துப் போயிருந்தோம். அப்புறம்தான் உறைத்தது: இறால் சத்தம் பெரும்பாலும் கரையோரப் பாறைகளிலிருந்து வருகிறது. கடிகாரம் பிசகினால், ரோபோ அந்தத் திசையில் நகர்வதாகவே தெரியும்.

அன்றிலிருந்து, கடலில் விடுமுன்னும் எடுத்த பின்னும் எல்லா ரோபோக்களையும் ஒரே தொட்டி கடல்நீரில் நெருக்கமாக அமுக்கி வைக்கிறோம். விளிம்பில் ஸ்பேனரால் ஒரே ஒரு தட்டு. எல்லாப் பதிவிலும் அந்தத் தட்டு எந்த நேரத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்தால், எந்தக் கடிகாரம் எவ்வளவு பிசகிவிட்டது என்பது தெரிந்துவிடும். நடுவில், கடலில் இருந்தபோது குளிரால் அது எப்படிப் பிசகியது என்பதற்கு ரோபோவின் வெப்பமானிப் பதிவைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

தட்டுவது இன்றும் என் வேலைதான். ஸ்பேனரைக் கையில் எடுத்தால் படகில் யாரும் பேசமாட்டார்கள்.